கதவு பூட்டியிருந்தது

டிரிங்...! டிரிங்...!

காலை ஒன்பது பத்து. கோர்ட்டு வாசல் ஜெராக்ஸ் கடையில் போன் அலறியது.

ஜெராக்ஸ் அக்கா எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பேப்பர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெஷினைப் பாதியில் விட்டால் பேப்பரை விழுங்கிவிடும். அப்புறம் அதன் வாயைப் பிளந்து எடுக்க அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

போன் விடுவதாயில்லை.

"வர்றேன் இரு, சனியனே" என்று திட்டிக்கொண்டே ரிசீவரைத் தோளில் இடுக்கினாள்.

"இந்த அழைப்பு சிறைச்சாலையிலிருந்து..." என்று ஆரம்பித்தது பதிவு செய்த குரல்.

தம்பிக்குப் போன் பேச வியாழக்கிழமைதான் முறை. ஐந்தே நிமிடம். இன்று செவ்வாய்!

"அக்கா..."

"உடம்புக்கு என்னடா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கெஞ்சிக் கேட்டு இந்தப் போன் வாங்கினேன். இன்னிக்குக் கோர்ட்டுல நான் ஒத்துக்கப் போறேன்."

"என்னத்த?"

"கொலைய."

மெஷின் பேப்பரை விழுங்கியது. விழுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பி ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். போனான். சரி பண்ணினான். வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் கதவைத் தட்டியது.

அந்தக் கட்டடத்து முதலாளி ஏழாவது மாடி லிஃப்ட் கதவு வழியாகக் கீழே விழுந்து செத்துக் கிடந்தார். கதவு திறந்திருந்தது... லிஃப்ட் அங்கே இல்லை!

வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறக்கத் தனிச் சாவி உண்டு. அது யாரிடம் இருக்கும்? மெக்கானிக்கிடம். முதலாளியோடு அன்றைக்குக் காலையில் வாய்த்தகராறு வேறு. விசாரணை அத்தோடு முடிந்தது!

ஆனால் வழக்கு மட்டும் ஆரம்பிக்கவே இல்லை.

முக்கிய சாட்சி அந்தக் கட்டடத்து வாட்ச்மேன். யார் மேலே போனார்கள், யார் கீழே வந்தார்கள் என்று பார்த்த ஒரே ஆள். அவருக்குச் சம்மன் போகும். 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பி வரும். வாய்தா. மறுபடி சம்மன். மறுபடி கதவு பூட்டியிருந்தது. மறுபடி வாய்தா.

ஜாமீன் கேட்டால் அரசு வக்கீல் எழுந்து, இவனை வெளியே விட்டால் சாட்சியை மிரட்டுவான் என்பார். மூன்று மனு போட்டாயிற்று. மூன்றும் குப்பைக்குப் போயிற்று. கண்ணிலேயே படாத சாட்சியை எப்படி மிரட்டுவது என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை.

இன்று பதினொரு மணிக்கு நாலாவது மனு.

தம்பி அவசர அவசரமாகச் சொல்லி முடித்தான். செத்த முதலாளியின் மச்சான் நேற்று சிறைக்கே வந்து அவனைப் பார்த்தாராம். அவர்தான் போலீசில் புகார் கொடுத்தவர். மனசார மன்னித்துவிட்டதாகச் சொன்னாராம். கோபத்தில் தள்ளிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால் ஏழு வருடத்தோடு முடித்துவிடலாம், அரசு வக்கீலிடம் பேசி வைத்திருக்கிறேன் என்றாராம். ஆறு வருடம் கழிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று.

"பாப்பாகிட்ட ஸ்கூல்ல, அப்பா என்ன வேலை பாக்குறார்னு கேக்குறாங்களாம்க்கா."

பாப்பா அவன் மகள். அவன் உள்ளே போன மாதம் பிறந்தவள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் அப்பாவைப் பார்த்ததே கிடையாது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ செஞ்சியா?"

"இல்லக்கா."

"அப்ப வாயை மூடிட்டு நில்லு."

"முடியலக்கா."

"முடியலன்னாலும் நில்லு. நீ ஒத்துக்கிட்டா பாப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் கெடைக்கும். அது என்ன பதில்னு யோசிச்சியா?"

டொக்.

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரியாது.

*

அழுவதற்கு நேரமில்லை. மெஷினின் வாயைத் திறந்து கசங்கிய பேப்பரை உருவினாள்.

தம்பியின் வழக்குக் கட்டுதான் அது. நேற்று சாயங்காலம் வக்கீல் கோர்ட்டு கிளார்க்கிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அவருக்கு அந்த வளாகம் முழுக்க 'வாய்தா' என்றுதான் பேர். எந்த வழக்கிலும் எழுந்து நின்று அவர் தெளிவாகக் கேட்பது அது ஒன்றுதான். திரும்பி வந்த பதினாலு சம்மனையும் நகல் எடுத்து வை, மனுவோடு சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

எடுத்த நகல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு. அது அவளுக்குப் பழக்கமான கோடுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் மெஷினுக்குள் இருக்கிற டிரம்மில் ஒரு கீறல் விழுந்தது. அதிலிருந்து எந்த நகல் எடுத்தாலும் அந்தக் கோடு கூடவே வரும். டிரம்மை மாற்றச் சொல்லி மெஷின் ரிப்பேர்காரர் கெஞ்சாத குறை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று அவளே அதற்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால்...

இப்போது இரண்டு கோடு!

ஒன்றை ஒட்டி இன்னொன்று. போச்சு, இன்னொரு கீறல் விழுந்துவிட்டது என்று மெஷினைத் திட்டினாள். சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைத் தாளை உள்ளே வைத்து அழுத்தினாள்.

வந்தது. ஒரே ஒரு கோடு.

மறுபடி சம்மனை வைத்தாள். இரண்டு கோடு!

அவள் கை மெதுவாக அசல் தாளை எடுத்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

அசலிலேயே கோடு இருந்தது.

அதாவது, போலீஸ் கோர்ட்டில் கொடுத்த அறிக்கையே ஒரு ஜெராக்ஸ். அதுவும் இந்தக் கடையில், இந்த மெஷினில், இவள் கையால் எடுத்த ஜெராக்ஸ்!

மளமளவென்று புரட்டினாள். 'நேரில் சென்று பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தகவல் இல்லை.' கடைசி ஒன்பது தாளிலும் அதே எழுத்து, அதே வரி, அதே கோடு. தேதியும் வழக்கு எண்ணும் மட்டும் பேனாவால் நிரப்பியது.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாசா மாசம் கொண்டுவருகிற ஆள்தான். தேதியும் வழக்கு எண்ணும் இருக்கிற இடத்தை ஒரு துண்டுச் சீட்டால் மறைத்து, "முப்பது காப்பி போடுக்கா" என்று நீட்டுகிற ஆள்.

சம்மன் கொடுக்கப் போகிற போலீஸ்காரர், சம்மன் ஏட்டு!

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியை உள்ளே வைத்துப் பூட்டிய பேப்பரை மூன்று வருடமாக அவளே நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மூலையை ஒழுங்காகத் தட்டி, கிளிப் போட்டு வேறு!

"ஒரு நாலு காப்பி வேணுமே அம்மா."

நிமிர்ந்தாள்.

வெள்ளைச் சட்டை. வழுக்கைத் தலை. எப்போதும் போல மெதுவான குரல். செத்த முதலாளியின் மச்சான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வருபவர். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாகத் தலையை ஆட்டுபவர். தம்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜாமீன் கூடாது என்று இன்று தாக்கல் செய்யப்போகிற உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார்.

"தம்பிகிட்ட பேசினியாம்மா? நல்ல புத்தி சொல்லு. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல."

அவள் தாளை வாங்கி மெஷினில் வைத்தாள். நாலு காப்பி எடுத்தாள். எடுக்கும்போதே கண் ஓடியது. 'மேற்படி வாட்ச்மேனை ஆறு வருடமாக நானும் பல இடங்களில் தேடினேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என உறுதி கூறுகிறேன்.' கீழே வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து.

நாலையும் அடுக்கிக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

*

ஒன்பதே முக்காலுக்குச் சம்மன் ஏட்டு வந்தார். துண்டுச் சீட்டும் கையுமாக.

"முப்பது காப்பிக்கா."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். மெஷினில் வைக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அக்கா, என்ன விளையாட்டு இது?"

"ஏட்டையா, அந்த ஏழு மாடிக் கட்டடத்து வாட்ச்மேன் வீட்டுக்கு நீங்க போனீங்களா?"

ஏட்டு முதலில் முறைத்தார். பிறகு சட்டம் பேசினார். பிறகு, அவள் ஒன்பது தாளையும் கோடு தெரிகிற மாதிரி பலகையில் வரிசையாகப் பரப்பியதும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பையன் உங்க தம்பியா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கூடப் பொறந்தவன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முதல் இரண்டு தடவை நிஜமாகவே போனாராம். வாட்ச்மேன் குடியிருந்தது அந்தக் கட்டடத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை. கதவு நிஜமாகவே பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை போனபோது...

"போனப்போ?"

"கட்டடமே இல்லக்கா. இடிச்சுட்டு அஸ்திவாரம் தோண்டிக்கிட்டிருந்தாங்க."

அவள் பலகையைத் தட்டினாள்.

"அப்ப அதை எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா விடுவாங்களா? யார் இடிச்சது, எப்ப இடிச்சது, அதுக்குச் சான்று எங்க, ஆள் எங்க போனான்னு பத்து பேப்பர் கேப்பாங்க. ஒரு நாளைக்கு எனக்கு அறுபது சம்மன். கதவு பூட்டியிருந்ததுன்னா ஒரே வரி. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"இல்லாத கட்டடத்துக்கு எந்தக் கதவுய்யா?"

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் அவரை மிரட்டவில்லை. வெறும் அலுப்பு. ஒரு மனுஷனை ஆறு வருடம் உள்ளே வைக்க அது போதுமாயிருந்தது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அந்த வாட்ச்மேன் எங்கதான் போயிருப்பார்?"

"வீடில்லாத ஏழை எங்கக்கா போவான்? ஆஸ்பத்திரியில கெடப்பான், சுடுகாட்டுக்குப் போயிருப்பான், இல்ல ஜெயில்ல இருப்பான்." ஏட்டு விரக்தியாகத்தான் சொன்னார்.

ஜெயில்!

அவள் சட்டென்று மண்டியிட்டு மேஜைக்கடியிலிருந்த கழிவுத்தாள் கட்டை இழுத்தாள். சரியாக விழாத நகல், கோணலாக வந்த நகல் எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒவ்வொரு மாதமும் சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு பட்டியல் நகலுக்கு வரும். ஜாமீன் கிடைத்தும் வெளியே போக முடியாதவர்களின் பட்டியல். ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு ஆள் கிடைக்காமல், உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே கிடப்பவர்கள். மாசா மாசம் நகல் எடுத்தாளே தவிர ஒரு நாளும் படித்ததில்லை.

எனக்கும் அலுப்புதானே என்று தன்னையே ஒரு தடவை திட்டிக்கொண்டாள்.

போன மாதப் பட்டியல் கோணலாக வந்த நகலாகக் கிடைத்தது. முகவரி வரிசையில் விரலை வைத்து இறக்கினாள். பத்து... இருபது... முப்பது...

முப்பத்தொன்றில் விரல் நின்றது.

'வாட்ச்மேன் அறை, படிக்கட்டுக்குக் கீழ், ஏழு மாடிக் கட்டடம்.'

குற்றம்: செம்புக் கம்பி திருட்டு. ஜாமீன் கிடைத்தது: ஐந்து வருடத்துக்கு முன்னால். வெளியே போகாத காரணம்: ஜாமீன்தாரர் இல்லை.

எந்தச் சிறை என்று பார்த்தாள்.

தம்பி இருக்கும் அதே சிறை! கொலை வழக்குக்காரர்கள் ஒரு பிளாக், திருட்டு வழக்குக்காரர்கள் வேறு பிளாக், அதனால் கண்ணில் படவே இல்லை.

*

வாய்தா வக்கீலை மாடிப்படியில் வைத்து மடக்கினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி துடைத்தார்.

விஷயம் பெரிது, முறைப்படி ஒரு மனு தயார் பண்ணி, முத்திரை வாங்கி, அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யலாம் என்றார்.

"சார், பதினொரு மணிக்கு அவன் ஒத்துக்கப் போறான்."

"அதுக்காக முறைன்னு ஒண்ணு இருக்கே அம்மா."

அவள் அவரைக் கடந்து படியேறினாள். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "நீங்க முறையோட வாங்க சார். நான் முன்னாடி போறேன்."

ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை மச்சான். சுவரில் பெரிய டி.வி. சிறையில் இருப்பவர்களை இப்போதெல்லாம் நேரில் அழைத்து வருவதில்லை. திரையில் காட்டி, கையைத் தூக்கச் சொல்லி, காவலை இன்னும் பதினைந்து நாள் நீட்டிவிடுவார்கள். பக்கத்து ஹாலில் நீதிபதி நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. அந்த ஹால் கைதிகளையும் இந்த நீதிபதிதான் நீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரக் கூட நேரமில்லாத மனிதர்.

குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதால் தம்பியை மட்டும் நேரில் கொண்டுவந்திருந்தார்கள். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. முப்பத்திரண்டு வயதில் நரை!

பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைப் படித்தார். அரசு வக்கீல் எழுந்து, எதிரி குற்றத்தை ஒத்துக்கொள்ள விரும்புகிறார் என்றார்.

நீதிபதி தம்பியைப் பார்த்தார். "யாராவது மிரட்டினாங்களா? நீயாவே சொல்றியா?"

தம்பி அக்காவைத் தேடினான். கண்டுபிடித்தான். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவன் கண் கலங்கியது. வாயைத் திறந்தான்...

"ஐயா, ஒரு நிமிஷம்."

மொத்த ஹாலும் திரும்பியது.

ஒரு பெண் போலீஸ் அவள் தோளைப் பிடித்தாள். அவள் அசையவில்லை.

"யாரும்மா நீ?" என்றார் நீதிபதி.

"வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன் ஐயா. அவன் அக்கா. என்னை வெளிய போகச் சொன்னா போயிடறேன். ஆனா இந்த வழக்குல இருக்குற ஒன்பது சம்மன் அறிக்கை என் கடையில எடுத்த ஜெராக்ஸ். நேர்ல போய்ப் பாத்ததுன்னு எழுதியிருக்கு. அத மட்டும் பாத்துட்டு என்னைத் துரத்துங்க."

சலசலப்பு. அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

அவள் வெள்ளைத் தாளில் எடுத்த நகலைக் கொடுத்தாள். ஒரு கோடு. பிறகு ஒன்பது அறிக்கை. அதே இடத்தில் அதே கோடு. பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஏட்டின் தாள்.

நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது.

"இதை எழுதின காவலர் யாரு?"

பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். கூப்பிடாமலேயே வந்து உட்கார்ந்திருந்தார் சம்மன் ஏட்டு. "நான்தான் ஐயா. அந்தக் கட்டடத்த இடிச்சு நாலு வருஷம் ஆச்சு. தப்பு என்னோடதுதான்."

அரசு வக்கீல் சமாளித்தார். எப்படியிருந்தாலும் சாட்சி தலைமறைவுதான், எதிரியை வெளியே விட்டால் ஆபத்துதான், புகார்தாரரே தேடிக் களைத்துப்போய் இன்று பத்திரம் தாக்கல் செய்திருக்கிறார் என்று நீட்டி முழக்கினார். மச்சான் உட்கார்ந்தபடியே சோகமாகத் தலையை ஆட்டினார்.

"தலைமறைவு இல்லீங்க ஐயா." அக்கா பட்டியலை நீட்டினாள். "முப்பத்தொண்ணாவது வரி. இதே கோர்ட்டு, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அந்த டி.வி.யில அவரைப் பாத்து நீட்டிச்சுக்கிட்டிருக்கு."

ஹாலில் எல்லாத் தலையும் டி.வி. பக்கம் திரும்பியது.

வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற வாய்தா வக்கீல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த அம்மா சொன்ன எல்லாத்தையும் என் வாதமா எடுத்துக்கணும் ஐயா" என்றார். இருபது வருடத்தில் அவர் செய்த மிகச் சிறந்த வாதம் அதுதான்!

நீதிபதி சிறைக்குப் போன் போடச் சொன்னார்.

பதினைந்து நிமிடம். யாரும் இடத்தை விட்டு எழவில்லை. மச்சான் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறி அவர் தலைக்கு மேலேதான் சுற்றியது.

திரை மினுங்கியது. ஒரு காவலர் ஒரு முதியவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் பழக்கத்தில் உடனே வலது கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஏன் கேக்கல?" என்றார் நீதிபதி.

பெஞ்ச் கிளார்க் நெளிந்தார். நீட்டிப்புக்குக் கையைத் தூக்கினால் போதும் என்பதால் அந்தப் பக்கத்து மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பது வழக்கம் என்றார்.

"எத்தனை வருஷமா?"

கிளார்க் தலையைக் குனிந்து கட்டைப் புரட்டினார்.

"ஆன் பண்ணச் சொல்லுங்க."

கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். பிறகு நடுங்கும் குரல் ஒன்று ஹாலை நிறைத்தது.

"ஐயா... கேக்குதா ஐயா?"

ஜெராக்ஸ் அக்காவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக்கொண்டு இந்த மனுஷன் இதைத்தான் கேட்டிருக்கிறார்!

கேட்கிறது என்றார் நீதிபதி. ஏழு மாடிக் கட்டடத்து வாட்ச்மேன் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் முதியவர். முதலாளி விழுந்த அன்றைக்கு யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எல்லாம் போலீசில் சொன்னாராம். மெக்கானிக் மேலே போனதை மட்டும் எழுதிக்கொண்டு, மீதி அப்புறம் என்றார்களாம். பத்தாம் நாள் அவர் மேல் கம்பி திருடியதாகப் புகார். அன்றிலிருந்து உள்ளே.

"மீதி என்ன?" என்றார் நீதிபதி. உடனே, சாட்சிக் கூண்டில் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்போம் என்று நிறுத்தப் பார்த்தார்.

ஆறு வருடம் காத்திருந்த வாய். நிற்குமா?

"மெக்கானிக் தம்பி வேலைய முடிச்சுட்டு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சுங்க. அதுக்கப்புறம் என் அறைப் பலகையில தொங்கின இன்னொரு லிஃப்ட் சாவிய முதலாளியோட மச்சான் எடுத்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் மேல போனாங்க. ஒருத்தர்தான் படி வழியா எறங்கி வந்தாரு."

தம்பி கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மச்சான் எழுந்தார். குரல் இன்னும் மெதுவாகவே இருந்தது. "திருட்டுப் பய பேச்சைக் கேட்டு..."

"உட்காருங்க" என்றார் நீதிபதி.

பக்கத்து ஹாலிலிருந்து திருட்டு வழக்கின் கட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். நீதிபதி முதல் தாளைப் புரட்டினார். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார். கட்டைத் திருப்பி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார்.

"இந்த வாட்ச்மேன் கம்பி திருடினார்னு புகார் குடுத்து உள்ள தள்ளினது யாருன்னு போட்டிருக்கு தெரியுமா?"

வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. காலையில் நாலு காப்பி எடுத்தாளே, அதே கையெழுத்து!

"தேடினேன், தேடினேன்னு இன்னிக்குச் சத்தியம் பண்ணியிருக்கீங்க. நீங்களே கொண்டுபோய் வச்ச இடம் உங்களுக்குத் தெரியலையா?"

மச்சான் வாசலைப் பார்த்தார். வாசலில் சம்மன் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு கதவை நிஜமாகவே பூட்டியிருந்தார்.

அரசு வக்கீல் மட்டும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். இதெல்லாம் விசாரணையில் தெளிய வேண்டியது, கொலை வழக்கில் அவசரப்பட்டு ஜாமீன் கூடாது என்றார்.

"அவசரமா?" அக்காவுக்கு அடக்க முடியவில்லை. "ஐயா, குத்தம் பண்ணினான்னு நிரூபிச்சா தண்டனை குடுங்க. நாங்க கேள்வி கேக்கல. நிரூபிக்கிறதுக்கு முன்னாடியே ஆறு வருஷம் கழிச்சுட்டானே... அதை யார்கிட்ட திருப்பிக் கேக்குறது?"

யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

நீதிபதி எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார். வழக்கைத் தள்ளிப்போட்டது யார் தப்பாக இருந்தாலும் அதற்கான தண்டனையைக் கைதி அனுபவிக்க முடியாது என்று எழுதினார். தம்பிக்கு ஜாமீன். மச்சானை அங்கேயே கைது செய்து விசாரிக்க வேண்டும். வாட்ச்மேனுக்கு ஆள் தேட வேண்டியதில்லை, அவர் சொந்தக் கையெழுத்திலேயே விடுதலை. பட்டியலில் மீதியிருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு வாரத்துக்குள் திரையில் நிறுத்த வேண்டும். மைக்கை ஆன் செய்து!

"இப்ப சொல்லு" என்று தம்பியிடம் கேட்டார். "ஒத்துக்கிறியா?"

தம்பி நிமிர்ந்து நின்றான்.

"இல்லீங்க ஐயா. நான் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் பண்ணத்தான் போனேன்."

பாப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

*

இருபது நாள் கழித்து.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் வாட்ச்மேன் உட்கார்ந்து கழிவுத்தாளை அடுக்கிக்கொண்டிருந்தார். போக வீடில்லை, அக்கா வீட்டு மாடி அறை இப்போது அவருடையது. அடுத்த மாதம் தம்பியின் வழக்கில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டும். தினமும் ஒரு தடவை அதே வாக்குமூலத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். கேட்குதா என்று மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்கிறார்.

தம்பி பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தான். அப்பா என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் பாப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாளாம்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு புது வக்கீல் வேகமாக வந்தார். கையில் ஒரு மனு. மச்சானுக்கு ஜாமீன் கேட்டு. உள்ளே போய் இருபது நாள் ஆகிவிட்டதாம், விசாரணை எப்போது ஆரம்பிக்கும் என்றே தெரியவில்லையாம், இப்படி ஒருத்தரை அடைத்து வைப்பது அநியாயம் இல்லையா என்று அவளிடமே நியாயம் கேட்டார்.

அவர் யாரிடம் வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை!

வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். கிழித்துப் போடு என்றது அவர் கண். மெஷின் தன் வாயைத் திறந்து காத்திருந்தது. பாதியில் விட்டால் போதும், மனுவை முழுசாக விழுங்கிவிடும்.

அக்கா மனுவை வாங்கினாள். தாள்களைத் தட்டி நேராக்கினாள். ஒன்று விடாமல் நகல் எடுத்தாள். கிளிப் கூடப் போட்டாள்.

"அநியாயந்தான் சார். கேக்க வேண்டியதுதான். ஜாமீன் எல்லாருக்கும் பொது" என்று சொல்லிக் கையில் கொடுத்தாள்.

வக்கீல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார். "என்னம்மா இது, ஓரத்துல ஒரு கோடு விழுது? டிரம்மை மாத்தக் கூடாதா?"

"மாத்திடலாம் சார், அடுத்த மாசம்." அவள் அடுத்த ஆளின் தாளை வாங்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க உங்க ஆளோட முகவரிய மட்டும் ஒரு தடவை சரி பாத்துக்குங்க... அப்புறம் யாராவது போய்க் கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிடப் போறாங்க!"